டீச்சர் வண்டியின் உதறல்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கார் வைத்திருந்த எங்களுக்கெல்லாம் அவர் பாம்புக்காது. முகத்துக்கு நேரே 'அண்ணே' என்போம், முதுகுக்குப் பின்னால் பாம்புக்காது. அது அவருக்கும் தெரியும். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பேர் சும்மா வந்ததல்ல. தெருமுனையில் வண்டி திரும்பும்போதே அவருடைய மெக்கானிக் ஷெட்டின் தகரக் கொட்டகைக்குள்ளிருந்து குரல் வரும். "மூணாவது பிளக் படுத்துருச்சு. ஓரமா விட்டுட்டுப் போ, சாயங்காலம் வா." சாயங்காலம் போனால் மூன்றாவது பிளக்தான் கரியேறிப் போய் பெஞ்சுமேல் கிடக்கும். ஒரு முழ நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் வைத்திருந்தார். ஓடுகிற இன்ஜின்மேல் அதன் நுனியை ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். டாக்டர் முன்னால் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற நோயாளி மாதிரி, வண்டிக்காரர்கள் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

அவரோடு கூட வேலை பார்த்தது அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. நாற்பதைத் தாண்டிய ஆள். வண்டிகளின் வயரிங், பேட்டரி, விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு. அதிகம் பேசமாட்டார். பன்னிரண்டு வருஷம் ஒரே கொட்டகையில் இருந்தும் அக்கா புருஷன் முன்னால் உட்கார்ந்து டீ குடித்ததில்லை. சொந்தக் காசைப் போட்டு, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதை எடுத்தாலே பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"மாமா, ஒரு நிமிஷம் இத மாட்டிப் பாத்துரலாமா?"

"பாரு பாரு. எனக்கு எப்பக் கல்யாணம் ஆகும்னும் கேட்டுச் சொல்லு."

கொட்டகையே சிரிக்கும். மச்சினனும் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திரும்ப உறைக்குள் போட்டுவிடுவார்.

அந்த நாட்களில்தான் டீச்சர் வண்டியைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் போனபிறகு அவருடைய சின்னக் கார் எட்டு மாதம் வீட்டோரம் தூசி படிந்து நின்றது. விற்றுவிடு என்று மகள் சொன்னாள். டீச்சர் விற்கவில்லை. அறுபத்தோராவது வயதில் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் எல்லாரும் அவரிடம் பாடம் படித்தவர்களின் பிள்ளைகள் வயது. இரண்டு முறை டெஸ்டில் தவறி, மூன்றாம் முறை லைசென்ஸ் வாங்கினார். அதன்பிறகு லைப்ரரிக்குக் கார், மார்க்கெட்டுக்குக் கார், ஊருக்கு வெளியே இருக்கும் தங்கை வீட்டுக்கும் கார். தபால் போடக்கூடக் காரில்தான் போகிறார் என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்தார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டார்.

"சிக்னல்ல நின்னா உதறுது," என்றார் டீச்சர், அன்று கொட்டகையில். "ஓடும்போது ஒரு குறையும் இல்ல. நின்னாதான். ஆர்பிஎம் முள்ளு ஏறுது, இறங்குது, திடீர்னு அப்படியே அணைஞ்சுபோகுது. ஸ்டியரிங்ல கை வச்சா நடுங்குது. நடுக்கம் எனக்கா வண்டிக்கான்னே தெரியல."

பெரியவர் பானெட்டைத் தூக்கினார். ஸ்க்ரூடிரைவரை ஊன்றினார், கண்ணை மூடினார். பேரிங் சத்தமில்லை, வால்வு தட்டல் இல்லை. "அழுக்கு. வேற ஒண்ணுமில்ல," என்றார். இன்ஜினுக்குள் காற்று போகிற வாயைக் கழற்றி, அழுக்கெடுத்து, புது பிளக்குகள் போட்டு அனுப்பினார். இரண்டு நாள் கழித்து டீச்சர் திரும்ப வந்தார். அடுத்து, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயிலைப் பெரியவர் மாற்றினார். ஒரு வாரத்தில் டீச்சர் மறுபடியும் வந்தார். பெரியவர் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார். மூன்றாவது முறை டீச்சர் திரும்பி வந்தபோது மெயின் ரோட்டில், ஒரு பஸ்ஸுக்கு முன்னால், பச்சை விழுந்தபிறகு வண்டி அணைந்துபோயிருந்தது. பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்களாம்.

அன்றைக்குத்தான் மச்சினன் யாரையும் கேட்காமல் ஸ்கேனரை மாட்டினார். பெட்ரோல் கம்மி, காற்று அதிகம் என்று அது காட்டியது. அவர் ஓடுகிற இன்ஜின்மேல் குனிந்து, தலையைச் சாய்த்துக் கொஞ்சநேரம் நின்றார்.

"மாமா, பின்பக்கம் எங்கயோ காத்து இழுக்குது. ஸ்ஸ்ஸுன்னு லேசாக் கேக்குது. ரப்பர் ஹோஸ் ஏதோ கீறியிருக்கும்."

பெரியவர் வந்து குனிந்தார். வலது காதைக் கொடுத்தார், இடது காதைக் கொடுத்தார். இன்ஜினின் கடகடப்பைத் தவிர அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வேறு இரண்டு வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். அதில் நானும் ஒருவன்.

"எங்க கேக்குது?"

"இங்கதான் மாமா. கைய விட்டுப் பாக்குறேன், இருங்க."

"யாருக்குக் காது குத்துற?" என்றார் பெரியவர். "காத்து இழுத்தா எனக்குக் கேக்காதா? பெட்ரோல் கம்மின்னா பம்பு வீக்குன்னு அர்த்தம். பெட்டிய வாங்கி வச்சுக்கிட்டா மெக்கானிக் ஆயிருவியா?"

"இல்ல மாமா, ஒரு நிமிஷம்…"

"பன்னெண்டு வருஷமா என் நெழல்ல நின்னு தின்னுட்டு, எனக்கே பாடம் எடுக்குற."

சொல்லிவிட்டு பானெட்டைப் படாரென்று இறக்கினார். மச்சினன் கையை இழுத்துக்கொள்ள அரை நொடிதான் இருந்தது. அவர் துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். தன்னுடைய கருவிகளை மட்டும் பிரித்து ஒரு பையில் எடுத்துவைத்தார். டீச்சரிடம் மட்டும், "வர்றேன் டீச்சர்," என்று சொல்லிவிட்டுப் போனார். நாளைக்கு வந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். வரவில்லை.

பெட்ரோல் பம்பும் மாற்றியாயிற்று. உதறல் நிற்கவில்லை. நான்காவது முறை டீச்சர் திரும்பி வந்தபோது பெரியவர் தானே வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தார். இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்ததால் அன்றைக்குப் பார்த்துக் கொஞ்சம் அடங்கி ஓடியது. இறங்கி வந்து சாவியை நீட்டியபடி சொன்னார்:

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல டீச்சர். கோளாறு உங்க கால்ல. வயசான பெறகு கத்துக்கிட்டா அப்படித்தான், கிளட்ச எப்ப விடணும்னு காலுக்குத் தெரியாது. மெதுமெதுவாப் பழகுங்க."

நிற்கிற வண்டி உதறுவதற்கும் ஓட்டுகிறவர் காலுக்கும் சம்பந்தமில்லை என்பது நேற்று ஸ்பேனர் பிடித்தவனுக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதா. ஆனால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு வண்டிக்காரரிடம் அதுவரை அவர் சொன்னதில்லை. அந்த வாக்கியம் வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக இது வந்தது.

டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டார். "அப்படியா. இருக்கும்," என்றார். முப்பது வருஷம் பிள்ளைகளின் தாளைத் திருத்தி மார்க் போட்டவர், தனக்குப் போட்ட மார்க்கை மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் கார் கைமாறியது. பேக்கரிக்காரர் ஒருவர் ரொட்டி கொண்டுபோக வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டோம். டீச்சர் வீட்டைக் காலிசெய்துவிட்டு மகளோடு போய்விட்டார் என்பதும் பிறகு தெரிந்தது.

அதன்பிறகு கொட்டகையில் வேலை குறைந்தது. வாசலிலேயே நோய் சொல்வது போய், மூன்று நாள் வண்டியை வைத்துக்கொண்டு யோசிப்பது வந்தது. சரிசெய்த வண்டிகள் திரும்பி வந்தன. மச்சினன் இல்லாததால் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது என்று அவர் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். வீட்டில் மனைவி தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு போடுவார், தேவையானதைக் கேட்பார், போய்விடுவார். ஒருநாள் மட்டும், "டிவி தெருவுக்கே கேக்குது, உங்களுக்குக் கேக்கலையா?" என்றார். இவர் அதைச் சண்டைக்கு இழுக்கிற பேச்சு என்று எடுத்துக்கொண்டார்.

இப்படி ஒன்றரை வருஷம் போயிருக்கும். ஒரு மத்தியானம் டாக்சிக்காரர் ஒருவர் வந்தார். முன் டயரில் காற்று இறங்குகிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்றார். டயர் வேலை பெரியவருடையது அல்ல. ஆனாலும் கொட்டகை காலியாக இருந்தது. சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தார். "ஆணி ஒண்ணும் இல்லையே."

"ஆணி எதுக்குண்ணே? வால்வுலதான் போகுது," என்றார் டாக்சிக்காரர். "இவ்ளோ சத்தமாச் சீறுதே, கேக்கலையா?"

பெரியவர் வால்வின்மேல் காதை வைத்தார். மூச்சை அடக்கினார். ஒன்றுமில்லை. ஆள் விளையாடுகிறானோ என்று நிமிர்ந்து பார்த்தார். அவர் விளையாடவில்லை. நின்ற இடத்திலிருந்தே அவருக்கு அது கேட்டுக்கொண்டிருந்தது. பெரியவர் விரலில் எச்சில் தொட்டு வால்வின்மேல் வைத்தார். குமிழி குமிழியாக வந்து விரல்நுனியில் உடைந்தது. காற்று போய்க்கொண்டுதான் இருந்தது, அவர் காதுக்கு ஒரு விரற்கடை தூரத்தில்.

அந்த நிமிஷம் தனக்கு டயர் மறந்துபோய்விட்டது என்று பின்னால் என்னிடம் சொன்னார். "டீச்சர் வண்டிதான் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. மச்சினன் ஸ்ஸ்ஸுன்னு சொன்னான் பாரு, அவன் ஒதடு மட்டும் ஞாபகத்துக்கு வந்துச்சு."

காது டாக்டரிடம் தனியாகத்தான் போனார், மனைவிக்குக்கூடச் சொல்லாமல். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்த்தி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கொஞ்சநேரம் அமுக்கினார். பிறகு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு வெளியே இருந்த பெண் இன்னும் மெஷினைத் திருகிக்கொண்டே இருப்பதைப் பார்த்தபோதுதான், தனக்குக் கேட்காத சத்தங்கள் அங்கே வந்துகொண்டிருக்கின்றன என்று புரிந்தது. தடித்த சத்தமெல்லாம் கேட்கிறது, மெல்லிய கீச்சுச் சத்தம்தான் போய்விட்டது என்றார் டாக்டர். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். முப்பது வருஷம் இரைகிற ஏர் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் நின்ற கதையைப் பெரியவர் சொன்னார். "ஒரே நாள்ல போறதில்ல இது. ஏழெட்டு வருஷமாவே போய்க்கிட்டு இருந்திருக்கும்," என்றார் டாக்டர். ஸ்க்ரூடிரைவர் வழியாக எலும்பில் வருகிற தட்டலும் முட்டலும் கடைசிவரைக்கும் கேட்டதால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

மறுநாள் பேக்கரியைத் தேடிப் போனார். வண்டி பின்சந்தில் நின்றது. பின்சீட்டு முழுக்கக் காலித் தட்டுகள். பேக்கரிக்காரருக்கு இவர் யாரென்றே தெரியாது. "நிக்கும்போது உதறுதா?" என்று கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். "வாங்கின நாள்லேர்ந்தே உதறுது. சிக்னல்ல ஒரு கால ஆக்சிலேட்டர்லயே வச்சுக்குவேன். பழகிருச்சு."

ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு பானெட்டைத் தூக்கினார் பெரியவர். இந்த முறை குனியவில்லை, காதைக் கொடுக்கவில்லை. முழங்கைவரை உள்ளே விட்டு, இன்ஜினின் பின்புறம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்த ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனார். சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாய். அது வளைகிற இடத்தில், அடிப்பக்கத்தில், விரலின் சதையை எதுவோ மெல்லப் பிடித்து இழுத்தது. அங்கேயே அழுத்திப் பிடித்தார். அதுவரை உதறிக்கொண்டிருந்த இன்ஜின் பெருமூச்சு விட்ட மாதிரி அடங்கியது. ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "என்ன செஞ்சீங்க?" என்றார். இவர் கையை எடுத்தார். உதறியது. மறுபடி வைத்தார். நின்றது.

கீறல் ஒரு நகத்தின் நீளம்தான். இன்ஜின் அளந்து வாங்கும் காற்றோடு, அளக்காத காற்றும் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வேகமாக ஓடும்போது அது ஒரு பொருட்டில்லை. நிற்கும்போது, கொஞ்சக் காற்றில் ஓடும்போது, அதுதான் எல்லாம். புதுக் குழாய் மாட்டக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பேக்கரிக்காரர் கொடுத்த பணத்தை வாங்காமல் வந்துவிட்டார்.

மச்சினன் அப்போது ஊருக்கு வெளியே ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் இருந்தார். மத்தியான இடைவேளையில், சீருடையோடு, கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். இன்றும் மாமா முன்னால் உட்காரவில்லை.

"அந்த டீச்சர் வண்டி," என்று பெரியவர் ஆரம்பித்தார். "ஹோஸ்தான் மாப்ளே. நீ சொன்ன எடத்துலதான்."

"தெரியும் மாமா."

"எனக்குக் காது போச்சு. டாக்டர்கிட்டப் போனேன்."

"அதுவும் தெரியும்."

பெரியவர் அவர் முகத்தையே பார்த்தார். மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரொம்ப நாளாவே தெரியும். பெல்ட் கீச்சுனா உங்களுக்குக் கேக்காது. நீங்க வீட்டுக்குப் போனப்புறம் நான் ஒரு தடவ பாத்து மாட்டிருவேன். அக்காகிட்ட மட்டும் சொன்னேன். அவராக் கண்டுபிடிக்கட்டும்னு அக்கா சொல்லிருச்சு. ஊரே பாம்புக்காதுன்னு கூப்பிடுது. உங்ககிட்டப் போய் எப்படிச் சொல்றது?"

வாசலிலேயே நோய் சொன்ன கடைசி சில வருஷங்களில், அவர் சொன்னதில் பாதியைக் காதும் காதும் வைத்த மாதிரி இந்த மனுஷன்தான் சரிசெய்துகொண்டிருந்தார். நிழலில் நின்றது யார் என்பது பெரியவருக்கு அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்க வந்தவர், கேட்கத் தெரியாமல், "வந்துரு மாப்ளே," என்றார்.

"இல்ல மாமா. இங்க பழகிருச்சு. பசங்களும் இங்கதான் படிக்கிறாங்க." பிறகு, "அன்னிக்கு எனக்குக் கேக்காதான்னு கத்தினதோட விட்டிருந்தா எதுவுமே இல்ல மாமா. உங்க நெழல்ல நின்னு தின்னேன்னு சொன்னீங்க பாருங்க, அதான்," என்றார். மணி அடித்தது. "அக்காவ ஒரு நாள் கூட்டிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

டீச்சர் இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு வாரம் ஆனது. ஏழாவது மாடி. சின்ன வீடு, சுத்தமாக இருந்தது. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, பக்கத்தில் பூதக்கண்ணாடி. கண்ணில் புரை விழுந்து ஒரு கண் ஆபரேஷன் முடிந்திருந்தது, இன்னொன்று பாக்கி. குரலை வைத்துத்தான் டீச்சர் பெரியவரை அடையாளம் கண்டுகொண்டார்.

பெரியவர் சுற்றி வளைக்கவில்லை. "டீச்சர், உங்க கால்ல குத்தமே இல்ல. ஒரு ரப்பர் குழாய் கீறியிருந்துச்சு. எனக்குக் காது கேக்கல. அத ஒத்துக்க மனசு வராம உங்கமேல பழியப் போட்டேன்."

டீச்சர் பூதக்கண்ணாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் அவர் சொன்னார்.

"நீங்க அன்னிக்குச் சொன்ன பிறகு நான் ஒரே ஒரு தடவதான் ஓட்டினேன். கால பாத்துக்கிட்டே ஓட்டினேன். கால பாத்தா ரோடு தெரியாதே. சைக்கிள்காரன் மேல மோதப் போனேன். அதோட சரி. எனக்கு இது வராதுன்னு நானே என் பொண்ணுகிட்டச் சொன்னேன். அவ, 'அப்பவே வித்துருன்னு சொன்னேன்ல'ன்னா. அதனாலதான் இங்க வந்தேன்."

"கண்ணு சரியானதும் ஓட்டலாம் டீச்சர். நான் வண்டி பாத்துத் தர்றேன்."

"லைசென்ஸ் முடிஞ்சுபோச்சு. மறுபடி டெஸ்ட் குடுக்குற தெம்பு இல்ல." அவர் கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க எனக்கு ஒண்ணு செய்யணும். என் பொண்ணு ஆறு மணிக்கு ஆபீஸ்லேர்ந்து வருவா. அவ முன்னாடி இத இன்னொரு தடவ சொல்லுங்க."

மணி மூன்றரைதான் ஆகியிருந்தது. பெரியவர் உட்கார்ந்தார். டீச்சர் டீ போட்டுக் கொடுத்தார். தங்கை வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு இறக்கம் வரும், அதில் மூன்றாவது கியரில் இறங்குவது எவ்வளவு நன்றாக இருக்கும் என்று டீச்சர் ஒருமுறை சொன்னார். தங்கையைப் பார்த்து ஒரு வருஷமாகிறதாம். பஸ்ஸில் இரண்டு இடத்தில் மாற வேண்டியிருக்கிறதாம்.

மகள் ஆறேகாலுக்கு வந்தாள். தோளில் பை, கையில் போன். பெரியவர் எழுந்து நின்று, ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். குழாய், காது, கால். தப்புத் தன்னுடையது, அம்மா நன்றாகத்தான் ஓட்டினார்கள் என்று இரண்டு முறை சொன்னார். மகள் நாகரிகமான பெண். நின்று கேட்டாள். "அப்படியா அங்கிள். பரவாயில்ல, விடுங்க. எப்படியும் இந்த வயசுல அம்மா ஓட்டுறது ரிஸ்க்தானே," என்றாள். போன் அடித்தது, பேசிக்கொண்டே உள்ளே போனாள்.

டீச்சர் அந்த அறைக் கதவையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லிஃப்ட் வரைக்கும் கூட வந்தார்.

"அந்த வண்டி இப்ப எப்படி இருக்கு?"

"உதறாம நிக்குது டீச்சர். இன்ஜின் ஓடுதான்னே தெரியல."

"யார் ஓட்டுறா?"

"பேக்கரிக்காரர். ரொட்டி எடுத்துட்டுப் போறார்."

"மெதுவா ஓட்டச் சொல்லுங்க," என்றார் டீச்சர். லிஃப்ட் வந்தது. அவர் திரும்பிச் சுவரைத் தொட்டபடி வீட்டுக்கு நடந்துபோனார்.